பழைய கணினிக்கு ரேம் கிளீனர் போடலாமா? போட்டால் எப்படி செட் செய்வது?

தம்பி, நீங்கள் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. நீடாமங்கலத்து வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப். 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அப்பா நெல் கணக்கையும் உரக்கடை பாக்கியையும் எக்செலில் எழுதுகிறார். தங்கச்சி குரூப் 4 தேர்வுக்கு யூடியூபில் பாடம் பார்க்கிறாள். காலையில் பொத்தானை அழுத்திவிட்டுக் காபி குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் அது இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் மெமரி 85 சதவீதம். நண்பர் ஒருவர் ‘மெமரி ஆப்டிமைசர் ஒன்று போடு, பறக்கும்’ என்று சொல்லிவிட்டார். ரேம் கிளீனருக்குத்தான் அந்தப் பெயரும். எதைப் போடுவது, எப்படி செட் செய்வது என்று கேட்கிறீர்கள்.

போடலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன். ஆனால் பறக்காது. இருபது வருடமாகத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கணினி பழுது பார்க்கிறேன். இந்த மென்பொருளைப் போட்டதால் மட்டும் வேகமான இயந்திரம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. எண் குறையும், பார்க்க நிம்மதியாக இருக்கும், அவ்வளவுதான். உங்கள் வீட்டு இயந்திரத்தில் எனக்குச் சந்தேகம் ஹார்ட் டிஸ்க் மேல்தான். அதற்கு அப்புறம்தான் ரேம்.

முதலில் அந்த மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமும் ரேமில் தன் கைக்கெட்டும் தூரத்தில் கொஞ்சம் இடம் வைத்திருக்கும். அதற்கு வொர்க்கிங் செட் என்று பெயர். கிளீனரில் பொத்தானை அழுத்தியதும் அது விண்டோஸிடம், ‘எல்லா புரோகிராமும் கையில் வைத்திருப்பதைக் கீழே போடட்டும்’ என்று சொல்கிறது. விண்டோஸும் போடச் சொல்லிவிடும். போட்டது எங்கே போகிறது? ரேமை விண்டோஸ் பக்கம் பக்கமாக, சின்னத் துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கும். அதில் மாற்றம் எதுவும் செய்யப்படாத பக்கங்கள் ஸ்டான்ட்பை என்ற பட்டியலுக்குப் போகும். மாற்றம் செய்யப்பட்டவை மாடிஃபைட் என்ற பட்டியலில் நின்று, ரேமில் இடம் போதாதபோது பயன்படுத்த விண்டோஸ் ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கும் பேஜ் ஃபைல் என்ற கோப்பில் எழுதப்படுவதற்காகக் காத்திருக்கும். டாஸ்க் மேனேஜர் ஸ்டான்ட்பை பட்டியலை ‘இருப்பில் உள்ளது’ என்ற கணக்கில் சேர்ப்பதால் 85 என்பது சட்டென்று 50 ஆகிவிடும். அப்பாவின் கணக்கில் சொன்னால், பற்றில் இருந்ததை வரவுப் பக்கம் மாற்றி எழுதியதுபோல. பெட்டியில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.

போன மாதம் கடைக்கு வந்த ஒரு 4 ஜிபி இயந்திரத்தில் இதைச் செய்து பார்த்தேன். குரோமில் ஆறு டேப், பின்னால் ஒரு எக்செல் கோப்பு. மெமரி 81. கிளீனரை அழுத்தினேன், 52. நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் கீழே சுருக்கி வைத்திருந்த எக்செலைத் தட்டினேன். கேபினட்டின் முன்பக்கம் சிவப்பு விளக்கு அணையாமல் எரிய ஆரம்பித்தது, உள்ளே கரகரவென்று சத்தம். கட்டங்கள் திரையில் வந்து சேர ஒன்பது நொடி. கிளீனரை அழுத்துவதற்கு முன்னால் அதே எக்செல் இரண்டு நொடியில் வந்துகொண்டிருந்தது. நான்கு நிமிடம் கழித்து மெமரி மறுபடியும் 78.

ஏன் என்றால், ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி போதும். சுற்றுகிற ஹார்ட் டிஸ்கில் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லி நொடி ஆகும். ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். கையில் இருந்ததைக் கீழே போடச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே திரும்ப எடுக்கச் சொன்னால், அந்த ஒரு லட்சம் மடங்கை நாம்தான் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்க வேண்டும்.

சில பேர் இன்னும் ஒரு படி மேலே போய், விண்டோஸிலேயே இருக்கிற ரிசோர்ஸ் மானிட்டரில் ‘ஃப்ரீ’ என்ற இடத்தில் வெறும் 40 எம்பி காட்டுகிறதே என்று பதறி, ஸ்டான்ட்பை பட்டியலையும் சேர்த்துத் துடைக்கிறார்கள். மேட்டூர் 120 அடி நிரம்பியது என்றால் பட்டாசு வெடிக்கிற ஊர்க்காரர்கள் நாம். ரேம் நிரம்பினால் மட்டும் எதற்குப் பயம்? ஸ்டான்ட்பை என்பது அடுத்து தேவைப்படலாம் என்று விண்டோஸ் தேக்கி வைத்திருக்கிற தண்ணீர். எந்த புரோகிராமாவது இடம் கேட்டால் அந்தக் கணமே திறந்து கொடுத்துவிடும். நீங்கள் கேட்கும் வரைக்கும் அது குளத்தில் கிடப்பதில் நஷ்டமே இல்லை.

இந்த வியாபாரத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1995 இல் சாஃப்ட்ராம்95 என்று ஒரு மென்பொருள் வந்தது. ரேமை இரண்டு மடங்காக்கும் என்று சொல்லி லட்சக்கணக்கில் விற்றார்கள். பிரித்துப் பார்த்தால் அது சொன்ன வேலையைச் செய்யவே இல்லை. அமெரிக்காவின் வர்த்தக ஆணையமே தலையிட வேண்டிவந்தது. அதைப் பிரித்து ஆராய்ந்து எழுதியவர்களில் மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்ற இரண்டு பேர் இருந்தார்கள். விண்டோஸுக்கான கருவிகளை வெளியிட்டுவந்த அவர்களுடைய சிஸ்இன்டர்னல்ஸை 2006 இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ரேமில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க இன்று எங்களைப் போன்றவர்கள் நம்புகிற ராம்மேப் என்ற கருவி அங்கிருந்து வந்ததுதான். இலவசம். இன்ஸ்டால் செய்ய வேண்டாம், ஜிப்பை விரித்து ஓட்டினால் போதும். ஆக்டிவ், ஸ்டான்ட்பை, மாடிஃபைட், ஃப்ரீ என்று நான் மேலே சொன்ன அத்தனையையும் கலர் கலராகக் காட்டும். கிளீனர் போடுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

சரி, இதெல்லாம் தெரிந்தும் ஒன்று போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றால் மெம் ரிடக்ட் போடுங்கள். சின்னது, இலவசம், மூலநிரல் வெளிப்படையாக இருக்கிறது, விளம்பரம் கிடையாது. மூலநிரல்களை வெளியிடும் தளமான கிட்ஹப்பில் அதை எழுதியவரின் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கூகுளில் பெயரைத் தட்டினால் வருகிற ‘ஃப்ரீ டவுன்லோட்’ பச்சைப் பொத்தான் தளங்கள் பக்கம் போகவே வேண்டாம். அங்கிருந்து எடுத்தால் கிளீனரோடு சேர்த்து வேறு நாலு பேர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ‘உங்கள் கணினியில் 1,347 பிழைகள்’ என்று சிவப்பில் காட்டிப் பணம் கேட்கிற எதையும் தொடாதீர்கள்.

இன்ஸ்டால் ஆனதும் மணிக்குப் பக்கத்தில், வலது கீழ் மூலையில் ஒரு சின்ன எண் வந்து உட்காரும். அதுதான் மெமரி சதவீதம். அதன்மேல் வலது சொடுக்குச் செய்து செட்டிங்ஸ் போங்கள். அங்கே கவனிக்க வேண்டியது மெமரியைத் துடைக்கும் பகுதி ஒன்றுதான். எதை எதைத் துடைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும். வொர்க்கிங் செட்டுக்கு மட்டும் டிக் இருக்கட்டும். ஸ்டான்ட்பை லிஸ்ட், மாடிஃபைட் பேஜ் லிஸ்ட் இரண்டிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். அவற்றின் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு எச்சரித்திருப்பதே, துடைக்கும்போது இயந்திரம் சில நொடி உறைந்து நிற்கலாம் என்பதற்காகத்தான். ஹார்ட் டிஸ்க் உள்ள இயந்திரத்தில் அது சில நொடியோடு நிற்காது.

அதே இடத்தில் ‘இத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் தானாகத் துடை’ என்று ஒன்று இருக்கும். அதை 90 அல்லது 95 இல் வையுங்கள். ‘இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை துடை’ என்பதை மட்டும் ஆன் செய்யவே கூடாது. இந்தப் பதில் முழுவதிலும் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வேதாரண்யம் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தேன், மூன்று கிளீனர் போட்டு மூன்றும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று செட் செய்திருந்தார்கள். ஒன்று துடைத்து, விண்டோஸ் மூச்சு வாங்கி எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைப்பதற்குள் அடுத்தது துடைக்கும். வீட்டுக்காரர், ‘அண்ணே, ரேம் போயிடுச்சு’ என்றார். ரேம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றையும் எடுத்த பிறகு கணினி பழைய நிலைக்கு வந்தது. (கேபினட்டைத் திறந்தபோது பவர் சப்ளைக்கு அடியில் இரண்டு பல்லி முட்டை இருந்தது தனிக் கதை.)

மீதி அமைப்புகள் உங்கள் விருப்பம். விண்டோஸோடு சேர்ந்து தொடங்கட்டும் என்பதற்கு டிக் போடலாம். துடைப்பதற்கு முன்னால் கேட்கட்டும் என்பதற்கும் போடுங்கள், அப்பா தெரியாமல் அழுத்தினாலும் ஒரு தடவை கேட்கும். இதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி வேண்டும் என்பதால் முதலில் ‘ஆம்’ கேட்கும், கொடுங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்டே பிசி மேனேஜர் என்று ஒன்று இலவசமாகத் தருகிறது, அதில் இருக்கிற பூஸ்ட் பொத்தானும் மெமரியை விடுவித்து, தற்காலிகக் கோப்புகளையும் அழிக்கிறது. எதுவானாலும் ஒன்றே ஒன்று போதும்.

கிளீனர் உண்மையிலேயே உதவுகிற இடமும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஏதோ ஒரு புரோகிராம் நாள்கணக்கில் திறந்தே கிடந்து, பயன்படுத்தாமலேயே இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால், துடைக்கும்போது அந்தப் பிடி தளரும். ஆனால் அந்த புரோகிராமை மூடித் திறந்தால் அதைவிட நன்றாகத் தளரும்.

இப்போது உங்கள் இயந்திரத்துக்கு வருவோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைத் தட்டுங்கள். கீழே ‘கமிட்டெட்’ என்று இரண்டு எண் இருக்கும், 6.9/8.2 என்பதுபோல. முதல் எண், எல்லா புரோகிராமுக்கும் விண்டோஸ் வாக்குக் கொடுத்த மொத்த இடம். இரண்டாவது, ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்தக் கொள்ளளவு. 4 ஜிபி ரேம் வைத்துக்கொண்டு வாக்கு 7 ஜிபியைத் தொட்டால், கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான். உண்மையிலேயே பற்றாக்குறை. எந்த கிளீனரும் அதைத் தீர்க்காது. 4 ஜிபிக்குக் கீழே, 3 ஜிபி பக்கத்தில் நிற்கிறது, ஆனாலும் மெதுவாக இருக்கிறது என்றால் ரேமை விட்டுவிட்டு டிஸ்க் பகுதியைப் பாருங்கள். ஆன் செய்து பத்து நிமிடம் கழித்தும் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா? ஆமாம் என்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் போனால் 64 பிட்டா 32 பிட்டா என்று எழுதியிருக்கும். 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 4 ஜிபி ரேமில் 3 சொச்சம் ஜிபிதான் அதன் கணக்கில் ஏறும். பக்கத்தில் யாராவது அவசரத்தில் போட்டுக் கொடுத்ததாக இருந்தால் இப்படி இருக்க வாய்ப்புண்டு. அப்படியென்றால் எவ்வளவு ரேம் வாங்கி மாட்டினாலும் வீண், முதலில் 64 பிட் போட வேண்டும்.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியது ஸ்டார்ட்அப் பட்டியல். டாஸ்க் மேனேஜரிலேயே இருக்கிறது. டொரன்ட், பிரின்டர் கம்பெனியின் அப்டேட்டர், யாரும் தொடாத டீம்ஸ், பாட்டுக் கேட்கும் செயலி எல்லாவற்றையும் டிஸேபிள் செய்யுங்கள். அழிப்பதில்லை, தானாகத் தொடங்காது, அவ்வளவுதான். என்எச்எம் ரைட்டர் மாதிரி தமிழ்த் தட்டச்சு ஏதாவது வைத்திருந்தால் அதை அணைத்துவிடாதீர்கள், அப்புறம் அப்பா ‘நெல்’ என்று அடித்தால் ஆங்கிலத்தில் ஏதோ வருகிறது என்று உங்களைக் கூப்பிடுவார். ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். விண்டோஸ் டிஃபெண்டர் ஒன்றே வீட்டுக்குப் போதும்.

குரோமில் செட்டிங்ஸ், பெர்ஃபாமன்ஸ் போனால் மெமரி சேவர் இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். பார்க்காமல் விட்ட டேபை அது தூங்க வைத்துவிடும், மறுபடி தட்டினால் எழுந்து வரும். தங்கச்சி ஒரே நேரத்தில் பதினைந்து டேப் திறந்து வைத்துப் படிக்கிறவளாக இருந்தால், மூன்று கிளீனர் செய்யாததை இந்த ஒரு அமைப்பு செய்துவிடும். எட்ஜிலும் இதே வசதி உண்டு.

பேஜ் ஃபைலை எடுத்துவிட்டால் வேகம் வரும் என்று ஒரு யோசனை அலைந்துகொண்டிருக்கிறது. 4 ஜிபி இயந்திரத்தில் அதைச் செய்யாதீர்கள். இடம் போதாமல் எக்செல் சேமிக்காமலே மூடிக்கொள்ளக்கூடும். தானாகவே நிர்வகிக்கட்டும் என்று விட்டுவிட்டு, சி டிரைவில் 15, 20 ஜிபியாவது காலியாக வைத்திருங்கள். அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைக்கிற சிஸ்மெயின் என்ற விண்டோஸ் சேவையை நிறுத்துவது வேறு விஷயம். விஸ்டா காலத்தில் சூப்பர்ஃபெட்ச் என்ற பெயரில் வந்தது அதுதான். ஹார்ட் டிஸ்கும் குறைந்த ரேமும் உள்ள இயந்திரத்தில் ஆன் செய்ததும் டிஸ்கைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுவானால், ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். பயன் இல்லையென்றால் திரும்ப ஓட விடுங்கள்.

இதையெல்லாம் செய்தபிறகும் காபி டம்ளர் கணக்கு மாறவில்லை என்றால், செலவு செய்யத்தான் வேண்டும். அதில் வரிசை முக்கியம். முதலில் எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க். 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வீட்டுக்குத் தாராளம், பழைய ஹார்ட் டிஸ்கைப் படங்கள் வைக்க உள்ளேயே விட்டுவிடலாம். பேஜ் ஃபைலும் எஸ்எஸ்டிக்கு வந்துவிடுவதால் ரேம் பற்றாக்குறைகூட முன்னைப்போல வலிக்காது. நம் பக்கம் கரண்ட் போய் போய் வருவதில் சுற்றுகிற டிஸ்க்தான் சீக்கிரம் பேட் செக்டர் ஆகிறது (சில இடங்களைப் படிக்க முடியாமல் போகிறது), அதனால் எப்படியும் மாற்ற வேண்டிய பொருள்தான். யுபிஎஸ் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ரேம். இன்னொரு 4 ஜிபி போட்டு 8 ஆக்கினால் யூடியூபுக்கும் எக்செலுக்கும் போதும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்திலேயே ‘ஸ்லாட்ஸ் யூஸ்ட் 1 ஆஃப் 2’ என்று இருந்தால் ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. பழைய பிராசஸரில் விண்டோஸ் 11 ஏறாது என்றால், எஸ்எஸ்டி போடும்போதே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் பக்கத்தில் போட்டு வைப்பது நல்லது. 2011 இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது ஞாபகம் இருக்கிறதா? அதுபோல இரண்டும் இருக்கட்டும்.

ரேம் வாங்க மன்னார்குடிக்கோ தஞ்சாவூருக்கோ போகும்போது பழைய ரேமைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு, இரண்டு பக்கக் கிளிப்பையும் விலக்கினால் தானாக மேலே எழும். அதன்மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் டிடிஆர்3யா டிடிஆர்4ஆ என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒன்றின் வெட்டு இன்னொன்றின் ஸ்லாட்டில் உட்காராது, அழுத்தி உடைக்காதீர்கள். மாட்டியபிறகு திரை வராமல் பீப் பீப் என்று கத்தினால் பதற வேண்டாம். கழற்றி, அந்தத் தங்க நிறப் பற்களைத் தங்கச்சியின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, ‘டக்’ என்று இரண்டு கிளிப்பும் பூட்டிக்கொள்ளும் வரை அழுத்துங்கள். கடல் பக்கத்து உப்புக் காற்று ஊர்களில் பத்தில் பாதி ‘ரேம் போய்விட்டது’ கேஸை நான் இந்த ரப்பரை வைத்துத்தான் சரி செய்கிறேன்.